கூரையில் விளையும் மின்சாரமும் அதை விற்கும் உரிமையும்



வயலிலே நெல் விளைவிப்பவர் வீட்டுத் தேவைக்குப் போக எஞ்சியதைச் சந்தைக்குக் கொண்டுசெல்கிறார். பசு வளர்ப்பவர் பாலை அளந்து கொடுத்துப் பணம் பெறுகிறார். இதை விற்பதற்கு உமக்கு உரிமை உண்டா என்று அவர்களை எவரும் கேட்பதில்லை. ஆனால், தம் வீட்டுக் கூரையிலே மின்சாரத்தை விளைவித்த மனிதர் எஞ்சியதை ஊர்க் கம்பியிலே விட்டு அதற்கு விலை கேட்டபொழுது அந்தக் கேள்வி எழுந்தது. அதற்கு நேரிய விடை கிடைப்பதற்குக் கால் நூற்றாண்டு சென்றது. அந்தக் கால் நூற்றாண்டின் வரலாறே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வரலாற்றிலே விஞ்ஞானிகளின் பங்கு முன்னரே முடிந்துவிட்டது எனலாம். சூரிய ஒளியை மின்சாரமாக மாற்றும் சிலிக்கன் கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் 1954ஆம் ஆண்டிலேயே உலகுக்குக் காட்டினர். காற்றினால் மின்சாரம் பிறப்பிக்கும் கலையோ அதனினும் பழையது. டென்மார்க் தேசத்தில் போல் லா கூர் என்னும் ஆசிரியர் 1891ஆம் ஆண்டிலே தம் கல்லூரி வளவில் காற்றாலை நிறுவி அதனைச் செய்துகாட்டினார். கருவி இருந்தது, அதனைப் பொருத்த விரும்பியவரும் இருந்தனர். சட்டத்திலே ஒரு வரி மாத்திரம் இல்லாதிருந்தது. அந்த வரியை எழுதுவித்தவர்கள் வாடகைக் குடியிருப்பாளர், தச்சர், பள்ளி ஆசிரியர், படையிலிருந்து விலகிய அதிகாரி ஆகிய சாதாரண மக்கள் என்பதே இக்கதையின் சிறப்பு.

மின்சாரச் சந்தை ஏனைய சந்தைகளைப் போன்றதன்று. நெல் கொண்டு செல்பவருக்கு ஒரு வியாபாரி விலை கொடாவிடின் இன்னொருவரிடம் போகலாம். மின்சாரம் விளைவித்தவருக்கோ ஒரே ஒரு பாதைதான் உண்டு. அஃது அவர் வீட்டு வாசலால் போகும் கம்பி. அக்கம்பிக்கு உடையவர் எவரோ, அவரே அச்சந்தையில் ஒரே கொள்வனவாளர். அங்கே மின்சாரம் விற்கும் பெருவியாபாரியும் அவரே. பாதையின் சொந்தக்காரரும், வாங்குபவரும், போட்டியாளரும் ஒருவரேயானால், சிறு உற்பத்தியாளர் பேரம் பேசுவது எங்ஙனம்? ஆகையினால் இங்கே மூன்று பூட்டுக்களைத் திறக்க வேண்டியிருந்தது. கம்பியோடு இணைய இடம் கிடைத்தல் வேண்டும், அது முதலாவது. இணைந்தபின் அம்மின்சாரத்தை வாங்கும் கடமை கம்பிக்குடையவர்மீது சுமத்தப்படுதல் வேண்டும்; அஃது இரண்டாவது. விளைவித்த செலவுக்கு ஏற்ற விலை கிடைத்தல் வேண்டும்; அது மூன்றாவது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஏனைய இரண்டும் ஏட்டுச் சுரைக்காயே.

முதலாவது பூட்டைத் தட்டியவர்கள் நியூயோர்க் நகரத்து ஏழைகள். அந்நகரின் கீழ்க் கிழக்குப் பகுதியில், கிழக்கு 11ஆம் தெருவின் 519ஆம் இலக்கக் கட்டடம் பாழடைந்து கிடந்தது. 1970களின் நடுப்பகுதியிலே அங்கு குடிபுகுந்தோர் தம் உடலுழைப்பையே முதலாக இட்டு அதனைத் திருத்திக் கட்டினர். 1973ஆம் ஆண்டு எண்ணெய் விலை திடீரென ஏறிய பின்னர், எரிபொருட் செலவு ஏழைக் குடும்பங்களை வாட்டிய காலம் அது. அவர்கள் கூரையிலே சூரிய வெப்பத்தை ஏற்கும் தட்டுக்களைப் பொருத்தினர். 1976ஆம் ஆண்டில் 2 கிலோவாட் வலுவுள்ள பழைய காற்றாலை ஒன்றையும் நிறுத்தினர். காற்று பலமாக வீசிய வேளைகளில் எஞ்சிய மின்சாரம் நகரத்துக் கம்பிக்குள் பாய்ந்தது. நகருக்கு மின்சாரம் வழங்கிய கொன் எடிசன் கம்பனி இதனை எதிர்த்தது. மாநகர் முழுவதற்கும் ஒளி கொடுக்கும் நிறுவனம் ஒன்று 2 கிலோவாட் காற்றாலையைக் கண்டு வெகுண்டது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால், இன்று ஒரு கூரைக்கு இடங்கொடுத்தால் நாளை ஆயிரம் கூரைகளுக்கு இடங்கொடுக்க நேரும் என்பதைக் கம்பனி நன்குணர்ந்திருந்தது. முன்னாள் சட்டமா அதிபர் றம்சி கிளாக் குடியிருப்பாளரின் பக்கம் நின்று வாதாடினார். விடயம் மாநிலப் பொதுச் சேவைகள் ஆணைக்குழுவின்முன் சென்றது. முடிவில் கம்பனியே இறங்கிவர வேண்டியதாயிற்று. காற்றாலை கம்பியோடு இணைந்தே நின்றது.

கம்பனியின் எதிர்ப்பில் நியாயமே இருக்கவில்லை எனக் கூறுவது பொருந்தாது. கம்பியிலே பழுது ஏற்பட்டு மின்சாரத்தை நிறுத்தியிருக்கும் வேளையில், ஏதோ ஒரு வீட்டிலிருந்து மின்சாரம் பின்னோக்கி வருமாயின், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து. வீட்டு மின்சாரம் ஊர் மின்சாரத்தின் தாளத்தோடு இம்மியும் பிசகாது ஒத்திருத்தலும் வேண்டும். இக்குறைகளை நீக்கும் கருவிகள் காலப்போக்கில் வந்து சேர்ந்தன. சூரியத் தட்டுக்களோடு இன்று பொருத்தப்படும் இன்வேட்டர் என்னும் கருவி, ஊர் மின்சாரம் நின்ற கணத்திலே தானும் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டுள்ளது. கூரை நிறையத் தட்டுக்கள் இருந்தும், சேமிப்புக் கலம் இல்லாத வீட்டிலே, கொளுத்தும் வெயிலில் மின்தடை ஏற்படும்போது மின்விசிறி ஓடாமல் நிற்பது ஏன் என்று வியப்போருக்கு இதுவே விடை. அந்தத் தடை வீட்டுக்காரருக்குத் தொல்லை. கம்பத்தில் நிற்பவருக்கு உயிர்க்காப்பு.

இரண்டாவது பூட்டைத் திறந்த சாவி அமெரிக்கச் சட்டமொன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சனாதிபதி ஜிம்மி காட்டர் கையொப்பமிட்ட அச்சட்டம், சிறு உற்பத்தியாளர் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பிறப்பிக்கும் மின்சாரத்தை மின்சாரக் கம்பனிகள் வாங்கியே ஆகவேண்டும் என விதித்தது. விலை எவ்வளவு? அதே அளவு மின்சாரத்தைக் கம்பனி தானே உற்பத்தி செய்திருந்தால், அல்லது வேறிடத்தில் வாங்கியிருந்தால், எவ்வளவு செலவிட்டிருக்குமோ அவ்வளவு. தவிர்க்கப்பட்ட செலவு என்று அதற்குப் பெயரிட்டனர். கம்பனிகளும் சில மாநிலங்களும் இதனை நீதிமன்றம் வரை கொண்டுசென்றன. மிசிசிப்பி மாநிலம் தொடுத்த வழக்கில் 1982ஆம் ஆண்டிலும், விலை விதியைப் பற்றிய வேறொரு வழக்கில் 1983ஆம் ஆண்டிலும் அமெரிக்க உயர் நீதிமன்றம் சட்டத்தின் பக்கமே நின்றது. அதே 1983ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலம், சிறு உற்பத்தியாளர் தந்ததையும் பெற்றதையும் ஒரே கணக்கில் கழித்துப் பார்க்கும் முறையைச் சட்டமாக்கியது. மின்மானியின் வட்டத்தட்டு முன்னும் ஓடலாம், பின்னும் ஓடலாம் என்பது அதன் எளிய பொருள். நமது நாட்டில் பின்னாளில் வழங்கிய தேறிய மானி முறையும் இந்த வழியைச் சேர்ந்ததே.

அத்திலாந்திக் சமுத்திரத்தின் மறுகரையில், டென்மார்க்கிலும் இதே காலத்திலே ஒரு கிளர்ச்சி உருவாயிற்று. எண்ணெய் விலை ஏறியபொழுது அச்சிறு நாடு தன் சக்தித் தேவையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்குக்கு எண்ணெயையே நம்பியிருந்தது. கிறிஸ்தியன் றீசகர் என்னும் தச்சர் தம் வீட்டு வளவிலே காற்றாலைகளைக் கட்டிப் பரிசோதித்து, 1970களின் நடுப்பகுதியில் 22 கிலோவாட் வலுவுள்ள காற்றாலையை ஊர்க் கம்பியோடு இணைத்தார். அவரைப் பின்பற்றிப் பலர் கிளம்பினர். 1978ஆம் ஆண்டில் காற்றாலை உடைமையாளர் சங்கம் தோன்றியது. ஒரு காற்றாலையைத் தனித்து வாங்க இயலாத குடும்பங்கள் பங்கு சேர்ந்து வாங்கின. யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்றை அறிந்த நமக்கு இம்முறை புதியதன்று. இறைக்கும் முறை எவருக்கு எப்போது என்று அங்கே பங்கிட்டுக்கொண்டதுபோல், இங்கே வருமானத்தைப் பங்கிட்டுக்கொண்டனர். சங்கமும் மின்சாரக் கம்பனிகளும் பலகாலம் பேசியும் சச்சரவிட்டும் 1980களின் நடுப்பகுதியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பின்னர் 1992ஆம் ஆண்டிலே, பாவனையாளர் கொடுக்கும் விலையில் நூற்றுக்கு 85 பங்கைக் காற்றாலைக்காரருக்குக் கொடுத்தல் வேண்டும் எனச் சட்டமே விதித்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட டேனியக் குடும்பங்கள் காற்றாலைகளில் பங்கு கொண்டிருந்தன.

மூன்றாவது பூட்டாகிய விலைப் பூட்டே மூன்றிலும் கடினமானது. அதனைத் திறந்த பெருமை ஜேர்மனிக்கு உரியது. அங்கே 1935ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட சக்தித் தொழிற் சட்டம், நாட்டைப் பங்குபோட்டுப் பெரும் கம்பனிகளின் ஏகபோகத்துக்கு வழிவகுத்திருந்தது. ஹிட்லரின் ஆட்சி வீழ்ந்த பின்னரும் அச்சட்டம் 1998ஆம் ஆண்டு வரை நிலைத்திருந்தது. அத்தகைய கோட்டைக்குள்ளே முதல் விரிசலை உண்டாக்கியவர்கள் பவேரியா மாநிலத்துச் சிற்றாறுகளின் கரையில் சிறு நீர்மின் ஆலைகளை நடத்திய குடும்பத்தினர். அவர்கள் தந்த மின்சாரத்துக்குக் கம்பனிகள் கொடுத்த விலை அற்பமானது. பழைமை பேணும் கிறிஸ்தவ சமூகக் கட்சியைச் சேர்ந்த மத்தியாஸ் எங்கெல்ஸ்பேகர், பசுமைக் கட்சியைச் சேர்ந்த வொல்ஃப்காங் டானியல்ஸ் என்னும் இரு பாராளுமன்ற உறுப்பினர்கள் அவர்களின் குறையைக் கையில் எடுத்தனர். கொள்கையளவில் எதிரும் புதிருமான இவ்விரு கட்சியினரும் ஒரு கலப்பையைப் பூட்டியது ஜேர்மன் அரசியலிலே அரிய காட்சி.

ஐந்தே பிரிவுகள் கொண்ட அச்சட்டம் 1990ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நிறைவேறி, 1991 ஜனவரி 1ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. இரு ஜேர்மனிகளும் ஒன்றான வேளை அது. கிழக்கு ஜேர்மனியின் மின்சாரத் துறையைத் தமதாக்கிக்கொள்வதில் முனைந்திருந்த பெரும் கம்பனிகள் இச்சிறு சட்டத்தைப் பொருட்படுத்தவில்லை. காற்றினாலும் சூரியனாலும் பிறந்த மின்சாரத்துக்குப் பாவனையாளரிடம் அறவிடும் சராசரி விலையில் நூற்றுக்கு 90 பங்கு கொடுத்தல் வேண்டும் என்று சட்டம் கூறியது. காற்றாலைக்காரருக்கு அது போதியதாயிற்று. வடகடற் கரையோரமெங்கும் காற்றாலைகள் எழுந்தன. சூரியத் தட்டு வைத்தவருக்கோ அது போதவில்லை. ஓர் அலகு சூரிய மின்சாரத்தை விளைவிக்க அக்காலத்தில் ஏறத்தாழ 2 மார்க் செலவாயிற்று. சட்டம் கொடுத்த விலையோ ஏறத்தாழ 17 பெனிக், அதாவது செலவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பானைக்கு ஒரு ரூபாய் செலவழித்து எட்டுச் சதத்துக்கு விற்கும்படி கேட்டால் எந்தக் குயவர் சக்கரத்தைச் சுழற்றுவார்?

இக்கேள்வியை ஓயாமற் கேட்டவர்கள் ஆக்கன் நகரத்து மக்கள். பெல்ஜியத்தின் எல்லையோரத்தில் உள்ள பழம்பெரும் நகரம் அது. பேரரசர் சார்லமேன் அடக்கம் செய்யப்பட்ட இடம். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அப்போதைய சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்து அதன் நச்சுத் துகள்கள் ஐரோப்பா எங்கும் பரவின. அவ்வாண்டிலேயே ஆக்கனில் சூரிய சக்தி வளர்ச்சிச் சங்கம் ஒன்று தோன்றியது. அதனை முன்னின்று நடத்தியவர் வொல்ஃப் ஃபொன் ஃபாபெக் என்னும் முன்னாள் இராணுவ அதிகாரி. அரசாங்க நன்கொடை வேண்டும் என்று இச்சங்கம் கேட்கவில்லை. செலவை ஈடுசெய்யும் விலை வேண்டும் என்று கேட்டது. நன்கொடை பெற்றுத் தட்டு வைப்பவர் அது வேலை செய்கிறதா என்று பாராதிருக்கவும் கூடும். அலகுக்கு அலகு விலை பெறுபவரோ அதனைக் கண்ணுங் கருத்துமாகப் பேணுவார். சங்கத்தின் வாதத்திலிருந்த உயிர்நாடி இதுவே.

சுவிற்சர்லாந்தின் புர்க்டோர்ப் என்னும் சிறு நகரம் 1991ஆம் ஆண்டில் அலகுக்கு ஒரு பிராங்க் கொடுக்க முன்வந்து வழிகாட்டியிருந்தது. ஆக்கன் சங்கத்தார் அதனை எடுத்துக்காட்டி, அலகுக்கு ஏறத்தாழ 2 மார்க் வீதம் 20 ஆண்டுகளுக்குக் கொடுத்தல் வேண்டும் என்றும், அதற்கு வேண்டிய பணத்தை எல்லாப் பாவனையாளரின் மின்கட்டணத்திலும் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படாத சிறு உயர்வினால் திரட்டலாம் என்றும் நகரசபையிலே வாதாடினர். 1992ஆம் ஆண்டில் நகரசபை அதனை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. நகரத்து மின்வழங்கல் நிறுவனம் மறுத்தது. விலைக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி பெறுவதற்கும் காலம் சென்றது. 1995ஆம் ஆண்டிலேதான் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு தீர்மானத்துக்கும் அதன் நிறைவேற்றத்துக்கும் இடையில் மூன்று ஆண்டுகள் சோர்வின்றி உழைத்தமையே அச்சங்கத்தின் அருஞ்செயல்.

இதனிடையே, 1993ஆம் ஆண்டில் பவேரியாவின் ஹம்மெல்புர்க், பிறைசிங் ஆகிய நகரங்கள் ஆக்கனை முந்திக்கொண்டு அதே வழியில் விலை கொடுக்கத் தொடங்கிவிட்டன. ஹம்மெல்புர்க்கில் அதற்காகப் பாடுபட்டவர் ஹான்ஸ் யோசப் ஃபெல் என்னும் நகரசபை உறுப்பினர்; பௌதிகம் படிப்பித்த பள்ளி ஆசிரியர் அவர். ஆக்கன் முறை என்னும் பெயருடன் இவ்வேற்பாடு நகரத்திலிருந்து நகரத்துக்குப் பரவியது. தலைநகரில் ஆக்கப்படாத சட்டத்தை நகரசபைகள் தம் எல்லைக்குள்ளே செய்துகாட்டின. நாடு பின்பற்றுவதற்கு நகரம் ஒன்று முன்மாதிரியாதல் கூடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

கம்பனிகள் வாளாவிருக்கவில்லை. சட்டம் தம் சொத்துரிமைக்கு ஊறு செய்கிறது என நீதிமன்றங்களை நாடின. 1997ஆம் ஆண்டிலே அரசாங்கம் காற்று மின்சாரத்தின் விலையைக் குறைக்க முற்பட்டபொழுது, செப்டெம்பர் மாதத்தில், அப்போது அரசாங்கம் வீற்றிருந்த பொண் நகரில் பல்லாயிரவர் திரண்டனர். சூழல் காப்போர் மாத்திரம் அங்கே வரவில்லை. விவசாயிகளும், உலோகத் தொழிலாளர் சங்கத்தினரும், திருச்சபைகளைச் சேர்ந்தோரும் ஒரே வீதியில் நின்றனர். காற்றாலையினால் விவசாயிக்கு இரண்டாவது வருமானம் கிடைத்திருந்தது. அதைச் செய்யும் தொழிற்சாலையினால் தொழிலாளிக்கு வேலை கிடைத்திருந்தது. உரிமையொன்று பலரின் பிழைப்போடு பிணைந்த பின்னர் அதனைப் பறிப்பது எளிதன்று. விலைக்குறைப்பு முயற்சி தோல்வியுற்றது.

1998ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆட்சி மாறியது. ஹம்மெல்புர்க் ஆசிரியர் ஃபெல் பாராளுமன்றம் புகுந்தார். சமூக சனநாயகக் கட்சியின் ஹெர்மன் ஷேர் முதலியோரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய புதுப்பிக்கத்தக்க சக்திச் சட்டம் 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. சூரிய மின்சாரத்தின் ஓர் அலகுக்கு 99 பெனிக். அவ்விலை 20 ஆண்டுகளுக்கு உறுதி. கம்பிக்குடையவர் இணைத்தே ஆகவேண்டும், வாங்கியே ஆகவேண்டும். மூன்று பூட்டுக்களும் ஒரே சட்டத்தினால் திறந்தன. அதனோடு ஒரு நுட்பமான விதியும் சேர்ந்திருந்தது. பிந்திய ஆண்டுகளில் புதிதாகத் தட்டு வைப்பவருக்குரிய விலை ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 வீதம் குறைக்கப்படும் என்பதே அது. முன்னர் இணைந்தவரின் விலை மாறாது. பின்னர் வருபவர் மலிவான கருவியோடு வரவேண்டும். வாக்குறுதியும் சிக்கனமும் இவ்வாறு ஒன்றாகப் பின்னப்பட்டன. 2001ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் தேதி ஐரோப்பிய நீதிமன்றம், முந்திய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிய வழக்கிலே, இவ்விதக் கட்டாய விலை அரசாங்க மானியமாகாது எனத் தீர்த்தது. அதன் பின்னர் வேறு பல நாடுகளும் இவ்வழியில் துணிந்து கால்வைத்தன.

விளைவு யாது? 2000ஆம் ஆண்டின் முடிவில் ஜேர்மனி முழுவதிலும் இருந்த சூரிய மின்வலு ஏறத்தாழ 100 மெகாவாட். 2024ஆம் ஆண்டின் முடிவில் அது ஏறத்தாழ 100,000 மெகாவாட். சந்தை விரியத் தொழிற்சாலைகள் பெருகின. சீனாவிலும் பிறநாடுகளிலும் பெருந்தொகையாகத் தட்டுக்கள் உற்பத்தியாயின. அவற்றின் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வீழ்ந்தது. இன்று நம் அயலவர் ஒருவர் தம் கூரையில் தட்டு வைக்க முடிகிறதெனில், அந்த மலிவுக்கு முதற் பணம் கட்டியவர்களுள் ஆக்கன் நகரத்துச் சாதாரண பாவனையாளரும் ஒருவர் என்பதை நன்றியோடு நினைத்தல் தகும்.

ஆனால், வரலாறு சொல்லும்போது ஒருபக்கக் கணக்கை மாத்திரம் வாசிப்பது முறையன்று. ஜேர்மனியில் இத்திட்டத்துக்கென ஒவ்வொரு பாவனையாளரும் செலுத்திய மேற்கட்டணம் வளர்ந்து, 2014ஆம் ஆண்டில் அலகுக்கு 6 சதத்தையும் தாண்டியது; யூரோவின் நூற்றிலொன்றாகிய சதத்தையே இங்கு சொல்கிறேன். பெருந்தொழிற்சாலைகள் பலவற்றுக்குச் சலுகை கிடைத்தது. கூரையில்லாத வாடகைக் குடித்தனக்காரரோ முழுமையாகச் செலுத்தினார். கூரையுள்ளவருக்குக் கிடைத்த விலையின் ஒரு பகுதி கூரையில்லாதவரின் பையிலிருந்து சென்றது என்ற முறைப்பாட்டை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அம்மேற்கட்டணம் நீக்கப்பட்டு, அச்செலவை அரசாங்க நிதியே ஏற்றது.

உரிமையைக் கொடுத்தபின் அவசரமாகப் பறித்தால் என்ன நேரும் என்பதைப் பிரித்தானியாவின் வரலாறு கற்பிக்கிறது. அங்கே 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வீட்டு மின்சாரத்துக்கு உறுதியான விலை கொடுக்கும் திட்டம் தொடங்கிற்று. அடுத்த ஆண்டிலேயே அரசாங்கம் சூரிய மின்சாரத்தின் விலையை ஏறத்தாழப் பாதியாக்க முனைந்தது. மக்களிடம் கருத்துக் கேட்கும் காலம் முடிவதற்கு முன்னுள்ள ஒரு தேதியையே விலைக்குறைப்புக்கும் குறித்துவிட்டது. 2011ஆம் ஆண்டு டிசம்பரில் மேல் நீதிமன்றமும், 2012ஆம் ஆண்டு ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் இது சட்டத்துக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தன. பின்னர் 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்துடன் அத்திட்டம் புதியவருக்கு மூடப்பட்டது. பெரிய கம்பனிகள் ஏதேனும் ஒரு விலை கொடுத்தல் வேண்டும் என்னும் மாற்று விதி 2020 ஜனவரி 1ஆந் தேதியே வந்தது. இடைப்பட்ட ஒன்பது மாதங்களில் புதிதாகத் தட்டு வைத்தவரின் மிகை மின்சாரத்துக்கு விலை கொடுக்கும் சட்டக் கடமை எவருக்கும் இருக்கவில்லை. நாம் முன்னர் கூறிய இரண்டாவது பூட்டு மீண்டும் விழுந்தால் நிகழ்வது இதுவே.

இனி நம் நாட்டை நோக்குவோம். இலங்கையிலும் முதலிலே தேறிய மானி முறையே வந்தது. மிகுதியான அலகுகள் வரவில் வைக்கப்பட்டன. காசு கைக்கு வரவில்லை. 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம், மிகை மின்சாரத்துக்குக் காசு கொடுக்கும் வழியைத் திறந்தது. முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகுக்கு 22 ரூபாவும், எட்டாம் ஆண்டு முதல் இருபதாம் ஆண்டு வரை 15 ரூபா 50 சதமும் என அன்று விலை குறிக்கப்பட்டது. இருபது ஆண்டு உறுதி என்னும் எண்ணத்திலே ஆக்கன் நகரத்தின் சாயல் தெரிகிறது. அடுத்த சில ஆண்டுகளில் நாட்டின் கூரைச் சூரிய மின்வலு 1,000 மெகாவாட்டை மிஞ்சியது.

அப்பொழுது முன்னெதிர்பாராத நான்காவது பூட்டு ஒன்று தென்பட்டது. அது காலம். சூரியன் நண்பகலில் நிறையக் கொடுக்கிறது. நம் வீடுகளோ விளக்கேற்றும் மாலைப்பொழுதில்தான் நிறையக் கேட்கின்றன. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் தேதி, வெயில் மிகுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. தேவை குறைந்திருந்த வேளையில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்தமையும் மின்தொகுதியைத் தளரச் செய்தது என இலங்கை மின்சார சபை அன்று விளக்கியது. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, பகற்பொழுதில் தம் தட்டுக்களை நிறுத்தி வைக்குமாறு கூரை உடைமையாளரைச் சபை வேண்டிக்கொண்டது. ஜேர்மனியும் அதே இடத்துக்கே வந்து நின்றது. மின்சாரம் மிதமிஞ்சிச் சந்தை விலை பூச்சியத்துக்குக் கீழே போகும் வேளைகளில், புதிய தட்டுக்காரருக்கு விலை இல்லை என 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அங்கே விதி செய்தனர்.

இதனைக் கண்டு, வீட்டு மின்சாரத்துக்கு விலை கொடுத்ததே தவறு எனச் சிலர் கூறுவர். குளத்திலே வெள்ளம் மிகுந்து வான் பாயும்போது, மழை பெய்ததே பிழை என்று எவரும் சொல்வதில்லை. அணையை உயர்த்துவதா, வாய்க்காலை அகலப்படுத்துவதா என்றே ஆலோசிப்பர். சேமிப்புக் கலங்களும், பகலில் நீர் இறைத்து மாலையில் மின்சாரம் எடுக்கும் தேக்கங்களும், மாலை மின்சாரத்துக்குக் கூடிய விலையும் அந்த அணையும் வாய்க்காலும் ஆகும். இவற்றை எவ்வாறு அமைப்பது, அச்செலவைக் கூரையுள்ளவரும் இல்லாதவரும் எவ்வாறு பகிர்வது என்பதே இனிவரும் வழக்கு.

அவ்வழக்கை நடத்துவோருக்கு இவ்வரலாறு மூன்று பாடங்களைத் தருகிறது. பேச்சளவிலே இருக்கும் வாக்குறுதி போதாது. இணைப்பு, கொள்வனவு, விலை மூன்றும் எழுத்திலே உறுதியாதல் வேண்டும். விலை மாற வேண்டுமாயின், புதியவருக்கு மாறலாம். நம்பிக் கடன்பட்டுத் தட்டு வைத்தவருக்கு இடைநடுவே மாறுதல் கூடாது. கூரையில்லாதவரையும் கணக்கிற் சேர்த்த திட்டமே நெடுங்காலம் நிலைக்கும். மின்சாரக் கம்பி ஒருவழிப் பாதையாகவே இருந்த காலத்தில் குடிமக்கள் வெறும் வாடிக்கையாளராக மாத்திரம் இருந்தனர். அதை இருவழிப் பாதையாக்கியவர்கள் 2 கிலோவாட் காற்றாலையோடு தொடங்கினார்கள். அவர்கள் பெற்றுத் தந்த இடத்தை ஒழுங்காகப் பேணுவது இப்பொழுது நம் முறை.